வாக்ஸுக்கு முன்னால் கிளே பார்: நாலு வருட அனுபவம்

என் கார் வெள்ளை. தாம்பரம் – கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில்தான் நிற்கும், கவர் எல்லாம் கிடையாது. வாங்கி ஒரு வருடத்திலேயே பானெட்டிலும் டிக்கி கதவிலும் ஊசிமுனை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகள். தகடே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பயந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ரயில் பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வரும் இரும்புத் தூள். பெயின்ட்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கிறது. ஷாம்புக்கு அசையாது. நான் அதன் மேலேயே வாக்ஸைப் பூசிவிட்டு, பளபளப்பு ஏன் பத்து நாள்கூட நிற்கவில்லை என்று வாக்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒட்டிக்கொண்டதை உரசி எடுக்கத்தான் கிளே பார், களிமண் போலப் பிசையக்கூடிய ஒரு கட்டி. அதை வாங்கிய புதிதில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதி வேலையில் கட்டி கை நழுவித் தரையில் விழுந்தது, 100 கிராம் கட்டியைத் தூக்கிப்போட மனசு வராமல் அலசிவிட்டுத் தொடர்ந்தேன். ஒட்டியிருந்த ஒரு மணல் துகள் பானெட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டது. பாலிஷ் போட்டும் வெயிலில் இன்னும் லேசாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் கட்டியை நாலாகக் கிள்ளி ஒரு துண்டை மட்டும் எடுப்பேன், விழுந்தால் அது குப்பைக்கு.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிழலில், தகடு சூடு ஆறியிருக்கும்போது காரைக் கழுவிவிட்டு, முதலில் இரும்புத் தூள் கரைக்கும் திரவம் தெளிப்பேன். சில நிமிடத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் நாவல்பழச் சாறு வழிவது போல ஊதா ஓடும், அழுகிய முட்டை நாற்றம் வேறு, வீட்டில் திட்டு நிச்சயம். அது காயும் முன் நன்றாக அலசிவிட வேண்டும். இதைச் செய்தால் கிளேவுக்கு வேலை பாதிதான். பிறகு ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக விட்டு, ஒரு முழம் இடத்தில் அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுவேன். முதலில் பிடித்து இழுக்கும், கரகர சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கட்டி அழுக்கானால் மடித்துப் பிசைந்து புது முகம் எடுக்க வேண்டும். தண்ணீரில் கஞ்சத்தனம் பண்ணினால் மங்கலாகத் தேய்ப்புத்தடம் விழும், கறுப்புக் காரில் அது பளிச்சென்று தெரியும்.

கிளேவை நம்பி ஏமாந்தது போர்வெல் தண்ணீர்க் கறையில். அந்த வெள்ளை வட்டங்கள் உப்புப் படிவு, அதற்கு நீர் கலந்த வினிகர்தான் ஓரளவு கேட்டது. பெயின்ட்டை அரித்து உள்ளே இறங்கிய கறைக்கு அதுவும் கேட்கவில்லை.

மாதாமாதம் கிளே போடுகிறேன் என்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. கிளேவும் லேசாக உராய்கிற பொருள்தானே, பழைய வாக்ஸும் அதோடு போய்விடும். நான் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து ஜனவரியில். அதுவும் கழுவிய காரின் மேல் மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான்: வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம் பைக்குள் உப்புத்தாள் போல நறநறக்கும். நறநறக்காத இடத்தை விட்டுவிடலாம். போன ஜனவரியில் கூரை, பானெட், டிக்கி மட்டும்தான் கேட்டது, பக்கக் கதவுகளைத் தொடவே இல்லை. வாக்ஸ் மட்டும் எல்லா இடத்திலும் போட்டேன், சித்திரை வரைக்கும் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.