மூன்று இரட்டை உடல் படகுகள், ஒரு மைத்துனர்

கட்டுமரம் என்ற நம் சொல்லை வெள்ளைக்காரன் ‘கேட்டமரன்’ என்று கொண்டுபோனான். திரும்பி வந்தபோது அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஃபைபரில் வார்த்த ஒடுங்கிய இரண்டு உடல்கள், நடுவே சுரங்கம்போல் ஒரு வெளி, மேலே தளம். கத்தாரிலிருந்து திரும்பிய என் மைத்துனருக்கு அப்படி ஒன்று வேண்டுமாம்: தூண்டிலுக்கும் ஆக வேண்டும், குடும்பத்தோடு உலாவவும் ஆக வேண்டும்.

அவர் பட்டியலில் மூன்று: கேப்டவுனில் கட்டப்படும் லெப்பர்ட் 40, சீனாவில் கட்டப்படும் அக்விலா 36, அமெரிக்காவின் வேர்ல்டு கேட் 320. குளச்சல் மணலில் கம்பு நட்டுக் கயிறு கட்டி மூன்றின் அகலத்தையும் அளந்து காட்டினேன். வேர்ல்டு கேட் பத்தரை அடி, அக்விலா பதினாலரை, லெப்பர்ட் இருபதுக்கும் மேல். வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்து, “மக்களே, இது படகா, வீடா?” என்றார். லெப்பர்ட்டின் கதை அங்கேயே முடிந்தது. விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும் நம் துறைமுகங்களில் அதை எங்கே கட்டுவது?

அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் டீசல் எஞ்சின்கள் உள்ளே இருக்கின்றன. படகைத் தள்ளும் சுழலி அடியில் இருக்கிறது. இரவில் மிதக்கும் வலை சுற்றிக்கொண்டால் கத்தியோடு ஒருவர் குதிக்க வேண்டும். மற்ற இரண்டிலும் அவுட்போர்டு, அதாவது பின்புறம் வெளியே தொங்கும் எஞ்சின். தூக்கிவிட்டு, நின்றபடியே அறுத்துவிடலாம். பெட்ரோல் செலவு மட்டும் வயிற்றைக் கலக்கும்.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போடும்போதுதான் இரட்டை உடலின் அருமை தெரியும். மூன்று பேர் ஒரே பக்கம் சாய்ந்து மீனை இழுத்தாலும் தளம் அதிகம் சாயாது. ஆனால் பக்கவாட்டு அலையில், வள்ளம்போல் மெல்ல ஆடாமல், வெடுக்கென்று உதறும். எதிரலையில் சில நேரம் அணியத்தின், அதாவது முன்பக்கத்தின், நடுவிலிருந்து தும்மியதுபோல் நீர்த்தூவல் முகத்தில் அறையும். பாரம் கூடினால் உடல்கள் அமிழ்ந்து, நடுவெளி தாழ்ந்து, அலை அடித்தளத்தில் மோதும். ஐஸ் ஏற்றி வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தூத்தூர்க்காரர்களின் தொழிலுக்கு இது ஆகவே ஆகாது.

அக்விலாவில் இரண்டு உடல்களிலும் ஆளுக்கொன்றாகப் படுக்கையறை உண்டு. வேர்ல்டு கேட்டில் சுற்றிவந்து மீன் பிடிக்கத் திறந்த தளம். நான் வேர்ல்டு கேட் பக்கம். காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குக் கடலில் எதற்குக் கட்டில்? ஆனால் எதுவானாலும், விற்பவர் அமைதியான நீரில் ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. தை மாசிக் கடலில் எல்லாமே நல்ல படகுதான். எரிபொருளும் ஆட்களும் நிறைத்து, காற்றடிக்கும் நாளில், அலையை நாலு பக்கமும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மைத்துனர், இப்போதும் கைப்பேசியில் அக்விலாவின் கட்டிலைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.