டொமைன் விலையை மதிப்பிட நேம்பயோ: ஒரு பயனர் மதிப்புரை

இணையதள முகவரியாக அமையும் டொமைன் பெயர்களை வாங்கி வைத்துப் பின்னர் விற்க நினைப்பவர்கள் முதலில் நம்புவது இலவசமாகக் கிடைக்கும் தானியங்கி மதிப்பீட்டைத்தான். பெயரைத் தட்டச்சு செய்தவுடன் டாலரில் ஒரு தொகை வந்துவிடுகிறது. அந்தத் தொகையைக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கும் தளமாக நேம்பயோவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இதுவரை விற்பனையான பெயர்கள், அவற்றின் விலை, விற்ற தேதி, விற்ற சந்தை ஆகியவற்றை நேம்பயோ தொகுத்து வைத்திருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்து, அது பெயரின் தொடக்கத்தில் வர வேண்டுமா, இறுதியில் வர வேண்டுமா, டாட் காம் மட்டும் போதுமா என்றெல்லாம் சலித்தெடுக்கலாம். மனை வாங்குமுன் அக்கம்பக்கத்து மனைகள் என்ன விலைக்குக் கிரயமாயின என்று விசாரிப்பதைப் போன்றது இது. 2019-இல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்கு விற்ற செய்தியைப் படித்து ஆசைப்படுவோர், தாம் வாங்க நினைக்கும் பெயரை ஒத்தவை எவ்வளவுக்குப் போயின என்று இங்கே அவசியம் பார்க்க வேண்டும்.

ஆனால் வெளியே சொல்லாமல் முடிந்த விற்பனைகள் இதில் வருவதில்லை. நம் காவிரிப் படுகையின் ஊர்ப் பெயர்களுக்கும் கைத்தொழில்களுக்கும் ஒப்பிடத்தக்க விற்பனைகள் கிடைப்பது அரிது என்பதால், எந்தச் சொல் எந்த ஊரில் எவ்வளவு தேடப்படுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸையும் அங்கே சேர்த்தே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பெயர் தேடுபவர் 'டான்ஜோர்', 'தஞ்சாவூர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்து வழக்குகளையும் அதில் ஒப்பிட்டு, தமிழ்நாட்டில் எது, அமெரிக்காவில் எது அதிகம் தேடப்படுகிறது என்று தனித்தனியே பார்த்த பிறகே முடிவெடுப்பது நல்லது. ஓவியத்தை வாங்குபவர் எங்கே இருக்கிறாரோ, அந்த இடத்து வழக்குக்கே மதிப்பு.

தேடுசொல் பெயரிலேயே இருந்தால் கூகுளில் முதலிடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை இனியாவது கைவிட வேண்டும். தரமற்ற தளங்கள் பெயரின் பலத்தால் மட்டும் முன்னே வருவதைத் தடுக்கும் மாற்றத்தைக் கூகுள் 2012 செப்டம்பரிலேயே கொண்டுவந்துவிட்டது. காலாவதியான பழைய பெயரை அதற்கு வரும் பார்வையாளர் வரவுக்காக வாங்குபவர், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இடையில் அது சூதாட்டத் தளமாக இருந்திருந்தால், அந்த வரவு சுவாமிமலை ஐம்பொன் சிலை விற்பவருக்கு எந்த வகையிலும் உதவாது.

நேம்பயோவில் அடிப்படைத் தேடலுக்குக் கட்டணம் இல்லை. ஓரிரு பெயர்களை மட்டும் பார்க்கும் சிறு வணிகருக்கு அதுவே போதும். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய புதுப்பிப்புத் தொகையையும் விலையோடு கூட்டிக் கணக்கிடுங்கள். பிறருடைய வணிகக்குறியை (டிரேட்மார்க்) ஒத்ததாகக் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்த பெயரை, டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் நடைமுறையில் உள்ள யூடிஆர்பி விதிகளின்படி, இழப்பீடு ஏதுமின்றிப் பறிகொடுக்க நேரலாம். விற்பனை விவரங்களைத் தரும் நேம்பயோ இதைச் சரிபார்த்துத் தராது என்பதால், பணம் கட்டுமுன் இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் இணையதளத்திலும் அந்தப் பெயரைத் தேடிவிடுங்கள்.