மயிலாப்பூர் மாடியில் இரண்டு பழைய படங்கள்

போன ஞாயிறு மயிலாப்பூரில் ஒரு சிறிய திரைப்படக் குழு மாடி ஹாலில் இரண்டு படங்கள் போட்டது. நுழைவு இலவசம்.

முதலில் டச்சு இயக்குநர் யோரிஸ் இவென்ஸின் 'தி ஸ்பானிஷ் எர்த்', 1937. ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றிய ஆவணப்படம். வர்ணனையை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே எழுதி அவரே பேசியிருக்கிறார். தலைநகர் மாட்ரிட்டில், குடியரசை எதிர்க்கும் பாசிஸ்டுகளின் குண்டு விழுகிறது. பக்கத்துக் கிராமத்தில் அந்த நகரத்துக்குச் சோறு போடுவதற்காக வாய்க்கால் வெட்டுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவள் நான். வறண்ட நிலத்தில் தண்ணீர் பாய்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் படத்தை வெள்ளை மாளிகையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே போட்டுக் காட்டினார்கள். ஆனாலும் ஸ்பெயின் குடியரசுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்ற அமெரிக்காவின் தடை நீங்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்', ஹிட்லரைக் கேலி செய்யும் படம். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1940இல், சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்து வெளியிட்டார். சர்வாதிகாரி உலக உருண்டையைப் பலூனாகத் தட்டி விளையாடும்போது முன்வரிசைக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரே குறை, ஸ்பீக்கர். இரைச்சலில் ஹெமிங்வேயின் பாதி வரிகள் கேட்கவே இல்லை. தமிழில் சப்டைட்டில் போட்டிருந்தால் என் பக்கத்தில் இருந்த பாட்டியம்மா பாதியில் எழுந்து போயிருக்க மாட்டார். அடுத்த திரையிடலுக்கு நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.