பழைய கார் வாங்கும்போது பிராண்டைவிட கியர்பாக்ஸைப் பாருங்கள்

"எந்த கார் ரிப்பேர் வைக்காது?" சிங்கப்பூரில் பழைய கார் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால், பணம் எங்கே போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம்.

2017-19இல் பதிவான ஒரு கார், சிஓஇ (கார் வைத்துக்கொள்ளப் பத்தாண்டுக்கு எடுக்கும் உரிமம்) முடிய மூன்றரை ஆண்டு பாக்கி, கேட்கும் விலை 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓஎம்வி, அதாவது இறக்குமதி மதிப்பு, 18,000 என்றால் பதிவின்போது கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணமும் 18,000தான், ஏனென்றால் ஓஎம்வியில் முதல் 20,000 வரை நூறு விழுக்காடு. பத்தாவது ஆண்டு முடிவதற்குள் ஸ்க்ராப் செய்தால் அதில் பாதி, அதாவது 9,000, திரும்பக் கிடைக்கும். மீதி 41,000 கரைந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 11,700 வெள்ளி தேய்மானம். காரை அசைக்காமல் வீவக (அரசு அடுக்குமாடி) பார்க்கிங்கில் நிறுத்தி வைத்திருந்தாலும் இதே செலவு.

இதன் பக்கத்தில் இன்ஜின் ஆயில், பிரேக் பேட், டயர் எல்லாம் சில்லறை. ஒரு காரின் சர்வீஸ் இன்னொன்றைவிட வருடத்துக்கு நூறு, இருநூறு வெள்ளி குறைவு என்பதை வைத்து முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. சாலை வரியும் அப்படித்தான். 1,598 சிசி டொயோட்டா ஆல்ட்டிஸுக்கு ஆண்டுக்குச் சுமார் 742 வெள்ளி, 1,496 சிசி மாஸ்டா 3க்குச் சுமார் 682. அறுபது வெள்ளி வித்தியாசம், குடும்பத்தோடு ஒரு வேளை வெளியில் சாப்பிட்டால் முடிந்தது.

கணக்கைக் கவிழ்ப்பது ஒரே ஒரு பெரிய பில்தான். ஏழாம், எட்டாம் ஆண்டில் வந்து நிற்கும் கியர்பாக்ஸ் பில், அல்லது ஹைப்ரிட் பேட்டரி பில். இன்ஜினைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நான் கீழே பார்க்கப்போகும் ஆல்ட்டிஸ், மாஸ்டா 3, ஹூண்டாய் அவான்டே மூன்றிலும் டைமிங் செயின்தான், இடையில் மாற்ற வேண்டிய பெல்ட் அல்ல. நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் ஓடும். நம் ஊர் ஓட்டம் வாட்டுவது கியர்பாக்ஸைத்தான். வருடம் முழுவதும் வெயில், காலையில் பிஐஇ விரைவுச்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போவது, மாடிக் கார் நிறுத்துமிடத்தில் சுற்றிச் சுற்றி ஏறுவது, பள்ளி, டியூஷன், கோயில் என்று எல்லாமே குட்டிக் குட்டிப் பயணங்கள்.

முதலில் ஆல்ட்டிஸ் 1.6. பலருக்கும் கண்ணை மூடிக்கொண்டு தோன்றும் பெயர். சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை), பொறுமையான இன்ஜின், எந்த பணிமனையிலும் பாகம் கிடைக்கும். சிவிடி ஆயிலை மட்டும் மறந்துவிடக் கூடாது. "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பழைய ரசீதுகளில் சிவிடி ஆயில் மாற்றியதற்கு அடையாளம் இருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். தண்ணீர் பம்ப் கசியக்கூடும். அது பெரிய செலவில்லை. ஆல்ட்டிஸின் உண்மையான குறை அதன் நல்ல பெயர்தான். அதற்கும் சேர்த்துத்தான் விலை சொல்வார்கள். அப்புறம், வாடகைக்கும் தனியார் வாடகை ஓட்டத்துக்கும் ஓடிய ஆல்ட்டிஸ்கள் நிறைய. எத்தனை கை மாறியது, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, முன் கண்ணாடியில் ஸ்டிக்கர் உரித்த தடம் உண்டா என்று பாருங்கள்.

மாஸ்டா 3, 1.5. கியர்பாக்ஸை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இதற்கு ஆல்ட்டிஸைவிட ஒரு மதிப்பெண் கூடவே கொடுப்பேன். டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே விசை கடத்தும் பாகம்) வைத்த வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டவும் சுகம். இன்ஜின் நேரடி இன்ஜெக்‌ஷன் வகை (பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படும்) என்பதால் இன்டேக் வால்வுகளில் கரி படியும், குட்டிப் பயணங்களில் இன்னும் சீக்கிரம். சுத்தம் செய்துகொள்ளலாம், ஆனால் அது ஒரு செலவு. இன்ஜின் மவுண்ட் தளர்ந்தால் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியும். எனக்கு இடிப்பது பின் இருக்கைதான். இரண்டு குழந்தை இருக்கை மாட்டிய பிறகு நடுவில் பாட்டியை உட்காரச் சொல்ல மனம் வராது. 1.35 மீட்டர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்கு அந்த இருக்கை வேண்டும் என்பதால் இது ஓரிரு ஆண்டில் தீரும் சிக்கலும் இல்லை.

ஹூண்டாய் அவான்டே 1.6, 2016-19 மாடல். "கொரியன் காரா?" என்று மாமா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இதுவும் ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜின் பழைய முறையில் வால்வுக்கு முன்னால் போர்ட்டில் பெட்ரோல் தெளிப்பது, அதனால் வால்வில் கரி படியும் தொல்லை குறைவு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். பாகம் மலிவு, கழற்றி மாட்டும் கூலிதான் கொஞ்சம். பின் இருக்கை, பூட் இரண்டிலும் தாராளம். ஆல்ட்டிஸ் அளவுக்குப் பெயர் இல்லாததால் தேய்மானக் கணக்கில் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தால், என் ஓட்டு இதற்குத்தான்.

ஹைப்ரிடுக்கு வருவோம். இங்கேதான் ஏமாறுவது எளிது. வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பம் என்று கொள்வோம். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கும் காரைவிட 20 கொடுக்கும் ஹைப்ரிட் ஆண்டுக்கு 400 லிட்டர் மிச்சப்படுத்தும். தள்ளுபடி போக லிட்டர் இரண்டரை வெள்ளி என்றால் ஆயிரம் வெள்ளி. நல்ல தொகைதான். ஆனால் முதல் தலைமுறை ஹோண்டா வெசல், ஷட்டில் ஹைப்ரிட்களில் இருப்பது உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத) வகை ஏழு கியர் டூயல் கிளட்ச், அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். இதே அமைப்போடு 2013இல் வந்த ஃபிட் ஹைப்ரிடை ஜப்பானில் சுமார் ஓராண்டில் ஐந்து முறை ரீகால் செய்தார்கள், அதாவது சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். ஹோண்டா தலைவரே சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். பின்னால் வந்தவை தேறியவை. ஆனாலும் ஊர்ந்து போகும் நெரிசலில் உலர் கிளட்ச் சூடேறும் இயல்பு மாறவில்லை. மூன்று ஆண்டில் பெட்ரோலில் சேர்த்த மூவாயிரத்தை கியர்பாக்ஸ் ஒரே மதியத்தில் வாங்கிக்கொள்ளும். 2021இல் வந்த புதிய வெசலில் இந்தக் கியர்பாக்ஸே இல்லை, அது வேறு கதை, வேறு விலை.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா விரும்பிகளுக்கும் இதே எச்சரிக்கை. அவற்றின் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த நாடுகளில் கோளாறு வருகிறது என்று 2013இல் நிறுவனமே ரீகால் அறிவித்து, செயற்கை ஆயிலுக்குப் பதில் மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் என்றால் நம் ஊர்தான்.

டொயோட்டா ஹைப்ரிட் வேறு ரகம். சியென்டா ஹைப்ரிடில் பெல்ட்டும் இல்லை, தேயும் கிளட்ச்சும் இல்லை. பற்சக்கரத் தொகுதி ஒன்றுதான் மோட்டாரையும் இன்ஜினையும் கலக்கிறது. கவலை பேட்டரி மட்டுமே. அதற்குக் காற்று இழுக்கும் வலையில் தூசியும் பிஸ்கட் தூளும் அடைத்தால் பேட்டரி சூடாகும், ஆயுள் குறையும். அதைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து மாதக்கணக்கில் தங்கும் வீடென்றால் ஏழு இருக்கைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கு மட்டும். ஒன்று: ஹைப்ரிடுக்குப் பதிவின்போது வரிச் சலுகை கிடைத்திருந்தால் ஏஆர்எஃப் குறைவாகக் கட்டியிருப்பார்கள், கடைசியில் திரும்பி வரும் தொகையும் அதே விகிதத்தில் குறையும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தேய்மானத்தை நம்பாமல் நீங்களே கணக்குப் போடுங்கள்.

சிஓஇ புதுப்பித்த பத்து வயதுக் கார்கள் மலிவாகத் தெரியும். அவற்றுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, சாலை வரியில் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும் கூடுதல் கட்டணம், கடைசியில் திரும்பக் கிடைக்கும் தொகை சுழியம். ஆல்ட்டிஸ், அவான்டே என்றால் யோசிக்கலாம். டூயல் கிளட்ச் என்றால் வேண்டாம்.

உபியிலோ காக்கி புக்கிட்டிலோ வியாபாரியிடம் வாங்கினால், கோளாறுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012இல் வந்த லெமன் சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு விற்றபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். உரிமையாளரிடம் நேரடியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. எப்படியானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் வெளியில் ஒரு பரிசோதனை எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது எக்ஸ்பிரஸ்வேயில் பறக்க வேண்டாம். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மாடிக் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக ஏறுங்கள், நடுச் சரிவில் நிறுத்தி மறுபடி கிளப்புங்கள். அந்த இடத்தில் காரின் உடம்பில் நடுக்கம் தெரிந்தால் விலை பேசிக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.