தினம் 500 ரூபா தான் பட்ஜெட்: கூகுளா, மெட்டாவா?

கடை வச்சிருக்கற யாரு கிட்ட பேசுனாலும் சுத்தி வளைச்சு இங்க தான் வந்து நிப்பாங்க, கூகுள்ல விளம்பரம் போடலாமா, பேஸ்புக் இன்ஸ்டால போடலாமா, எதுல லீட், அதாவது வாங்கலாம்னு விசாரிக்கற ஆளு, சீப்பா வரும்னு. சீப்பா வரணும்னா பெரும்பாலும் மெட்டா தான், பேஸ்புக் இன்ஸ்டா ரெண்டும் அவங்களோடது. ஆனா வந்த லீட்ட யாரு கூப்பிட்டு பேசப்போறா, எவ்ளோ நேரத்துல பேசப்போறாங்கறத விட்டுட்டு வெறும் லீட் ரேட்ட மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கறது வேலைக்கு ஆகாதுங்க.

ரெண்டு தொழில எடுத்துக்குவோம். ஒருத்தர் கோயம்புத்தூர்ல ஏசி சர்வீஸ் பண்றவரு, இன்னொருத்தங்க சேலம் பக்கம் இளம்பிள்ளைல இருந்து புடவை விக்கறவங்க.

ஏசிக்காரருக்கு கூகுள் சர்ச் தான், யோசிக்கவே வேணாம். ஏப்ரல் வெயில்ல ஏசி நின்னு போச்சுன்னா எவனும் ரீல்ஸ்ல விளம்பரம் வரட்டும்னு காத்துட்டு இருக்க மாட்டான், "ஏசி சர்வீஸ் நியர் மீ"ன்னு தட்டி மேல வர்ற நம்பருக்கு கூப்பிடுவான். கிளிக்குக்கு காசு கூட தான் ஆகும், ஆகட்டும், கூப்பிடறவனுக்கு தேவை இன்னைக்கே இருக்கு, வீட்டுக்கு ஆள் போனா காசு வந்துரும்.

ஆனா கூகுள்ல காசு ஒழுகற இடம் டீஃபால்ட் செட்டிங்ஸ். சர்ச் கேம்பெய்ன் போடறப்போ டிஸ்ப்ளே நெட்வொர்க்கும், அதாவது மத்த வெப்சைட், ஆப்ல காட்டறதும், டிக் ஆகியே இருக்கும், அத மொதல்ல எடுத்து விடுங்க. லொகேஷன்ல கோயம்புத்தூர்னு போட்டதும் முடிஞ்சுதுன்னு நினைக்கறாங்க, டீஃபால்ட்டா இருக்கறது "அந்த ஊர்ல இருக்கறவங்க அல்லது அந்த ஊர் மேல ஆர்வம் காட்டுனவங்க", அப்படின்னா எங்கயோ உக்காந்துட்டு கோயம்புத்தூர பத்தி தேடறவனும் உங்க விளம்பரத்த பாப்பான். ஊர்ல இருக்கறவங்க மட்டும்னு மாத்தணும்.

அப்புறம் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட், அதாவது ஜனங்க என்ன தட்டுனப்போ உங்க விளம்பரம் வந்துச்சுன்னு காட்டற லிஸ்ட். இத தெறந்தே பாக்காம மாசக்கணக்குல விளம்பரம் ஓட்டறவங்க இருக்காங்க. ஏசி சர்வீஸ்னு பிராட் மேட்ச்ல, அதாவது அதுக்கு சம்பந்தப்பட்ட தேடலுக்கெல்லாம் காட்டுன்னு, போட்டா "ஏசி மெக்கானிக் வேலை", "ஏசி மெக்கானிக் கோர்ஸ் ஃபீஸ்", ஏதாவது ஒரு கம்பெனியோட கஸ்டமர் கேர் நம்பர், எல்லாம் வரும், எல்லாத்துக்கும் கிளிக் காசு போகும். இதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டா, அதாவது இத தேடுனா என் விளம்பரத்த காட்டாதன்னு, போடணும், அதுலயும் நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு கூடுதல் வேலை இருக்கு, "வேலை"ன்னு தமிழ்ல தட்டறவன் ஒருத்தன், அதையே இங்கிலீஷ் எழுத்துல தட்டறவன் ஒருத்தன், "ஜாப்"னு தட்டறவன் ஒருத்தன், நெகட்டிவ்ல ஒண்ண போட்டா அதே அர்த்தத்துல இருக்கற மத்தது தானா அடிபடாது, ஒவ்வொண்ணா தான் சேக்கணும்.

இன்னொண்ணு, தினம் 500னு போட்டாலும் ஒரு நாள்ல 1000 வரைக்கும் கூகுள் எடுக்கலாம், மாசத்துக்கு 30.4 மடங்கு, அதாவது 15,200 தாண்டாது, அவ்ளோ தான். முதல் நாளே பதறிட்டு நிறுத்தாதீங்க.

இப்போ புடவைக்கு வருவோம். இங்க கூகுள் சர்ச்ல 500 ரூபாய வச்சுட்டு பெரிய பிராண்டுங்க கூட விளம்பர இடத்துக்கு ஏலத்துல நிக்கறது வீண். புடவை தேடி வாங்கற பொருளும் தான், ஆனா அதுக்கு மேல பாத்ததும் புடிச்சுப்போய் வாங்கற பொருள். முந்தானைய விரிச்சு, பார்டர கிட்டக்க காட்டி, துணிய கையில கசக்கி விட்டு ஒரு சின்ன வீடியோ எடுத்து தட்டுனா நேரா வாட்ஸ்அப் சாட் தெறக்கற கிளிக் டு வாட்ஸ்அப் விளம்பரமா மெட்டால விட்டா அன்னைக்கே மெசேஜ் வர ஆரம்பிக்கும். விலைய வீடியோலயே போடுங்கன்னு நான் சண்டையே போடுவேன். போடலன்னா கமென்ட் பூரா "பிபி", "பிரைஸ் ப்ளீஸ்" தான், அத்தனை பேருக்கும் பதில் தட்டிட்டே வாங்கற ஆள விட்டுருவீங்க. கமென்ட் நெறைய வந்தா ரீச் கூடும்னு சிலர் வேணும்னே விலைய மறைக்கறாங்க, ரீச்ச வச்சு கூரியர் அனுப்ப முடியாதுல்ல.

மெட்டால இன்ஸ்டன்ட் ஃபார்ம், அதாவது பேஸ்புக் இன்ஸ்டாக்குள்ளயே ரொப்பற ஃபார்ம், வழியா வர்ற லீட் தான் பெரிய மாயை. பேரு, போன் நம்பர் எல்லாம் ப்ரொஃபைல்ல இருந்து தானாவே வந்து உக்காந்துரும், ரெண்டு தட்டு தட்டுனா போயிரும், மறுநாள் நீங்க கூப்பிட்டா "நான் எதுவும் கேக்கலியே"ம்பாங்க. பொய் சொல்லல, நிஜமாவே ஞாபகம் இருக்காது. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ சரிபாக்க சொல்ற ஹையர் இன்டென்ட் ஃபார்ம போட்டு, கைல தட்டுற மாதிரி ஒரு கேள்வியும் வச்சா லீட் ரேட் ஏறும், ஆனா போன எடுத்து பேசற ஆளா வரும். லீட் வந்த கொஞ்ச நேரத்துல கூப்பிட ஆள் இல்லாத கடைக்கு ஃபார்மே வேணாம், வாட்ஸ்அப்போட நிறுத்திக்கங்க.

எதுக்கு ஆப்டிமைஸ் பண்றது, அதாவது எந்த ரிசல்ட்ட கொண்டு வான்னு மெட்டா கிட்ட கேக்கறதுங்கறதும் பட்ஜெட்ட பொறுத்தது. ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே மாதிரி ஆளுங்களுக்கு ஓடற விளம்பர தொகுப்பு) வாரத்துக்கு சுமார் 50 ரிசல்ட் வந்தா தான் லேர்னிங் ஃபேஸ், அதாவது யாருக்கு காட்டணும்னு கத்துக்கற கட்டம், தாண்டும்னு மெட்டாவே சொல்லுது. உங்க கிட்ட வாரத்துக்கு 3500, அப்போ ஒரு ரிசல்ட் 70 ரூபாய்க்குள்ள வரணும். 70 ரூபாய்க்கு புடவை விற்பனை கெடைக்குமா, கஷ்டம். வாட்ஸ்அப் மெசேஜ் கெடைக்கும். அதனால பர்ச்சேஸ்னு வைக்காம மெசேஜ்னு வைங்க, அந்த 500ல நாலு ஆட் செட் போட்டு கூறு போடவும் வேணாம்.

2021ல ஆப்பிள் ஐபோனுக்கு ஐஓஎஸ் 14.5 விட்டப்போ, மத்த ஆப், வெப்சைட்ல நாம என்ன பண்றோம்னு ஆப்ஸ் டிராக் பண்ண அனுமதி கேக்கணும்னு வந்துச்சுல்ல, அதுல 2022 வருமானத்துல 1000 கோடி டாலர் அளவுக்கு அடி விழும்னு மெட்டா சொல்லுச்சு. நம்மூர்ல பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, இந்த மாதிரி சின்ன கடைக்கு அத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்க தேவையில்ல.

ஜிஎஸ்டி ரெண்டுக்கும் 18 சதவீதம், 500 போட்டா 590. ஜிஎஸ்டி நம்பர குடுத்து வச்சா கட்டுன அந்த வரிய இன்புட் கிரெடிட்டா கழிச்சுக்கலாம், காம்போசிஷன்ல (சின்ன கடைங்க விற்பனைல ஒரு சதவீத கணக்குல வரி கட்டற திட்டம்) இருக்கறவங்களுக்கு அது கெடையாது.

ரெண்டையும் சேத்து ஓட்டலாமான்னா, தினம் 500ல வேணாம். பின்னாடி பட்ஜெட் ஏறுனப்புறம் ஓட்டுனா, ரெண்டு டேஷ்போர்டையும் கூட்டி விற்பனை கணக்கு போடாதீங்க. மெட்டா டீஃபால்ட்டா கிளிக் பண்ணி 7 நாளுக்குள்ள, சும்மா பாத்து 1 நாளுக்குள்ள வாங்குனாலும் தன் கணக்குல எழுதிக்கும், அதே ஆள் நடுவுல கூகுள்ல தேடி கிளிக் பண்ணிருந்தா அங்கயும் ஒண்ணு ஏறிரும், புடவை ஒண்ணு தான் போயிருக்கும். "எதுல பாத்தீங்க"ன்னு கஸ்டமர் கிட்ட கேட்டா "போன்ல தான் பாத்தேன்"ம்பாங்க. அதனால ரெண்டு விளம்பரத்துக்கும் வேற வேற நம்பர் குடுத்துருங்க, எந்த சிம்முக்கு கால் வந்துச்சுன்னு பில் புக்குல ஓரமா ஒரு எழுத்து, கூனாவோ மேனாவோ, குறிச்சு வச்சா போதும்.