பசியில்லாத நாளில் கலோரிக் கணக்கு: நிரப்புவதா, நிறுத்துவதா?

எடையைக் குறைப்பதற்காகக் கலோரி எண்ணிச் சாப்பிடத் தொடங்குபவர்களுக்குப் பசிதான் பெரிய சோதனையாக இருக்கும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். வேலூர்க் கோடையில் எதிர்ப்படுவது அதற்கு நேர்மாறான சிக்கல். சித்திரை பிறந்து வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மதியச் சாப்பாடு பாதியிலேயே போதும் என்றாகிவிடுகிறது, இரவில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை, படுக்கப் போகுமுன் செயலியைத் திறந்தால் அன்றைய இலக்கில் இன்னும் 300 கலோரி மிச்சமிருப்பதாகக் காட்டுகிறது. அந்த மிச்சத்தை எதையாவது சாப்பிட்டு நிரப்பிவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. பசி நின்ற இடத்தில் சாப்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம், கணக்குக் குறைந்தால் குறையட்டும் என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டாவது வழியை, ஒரு நிபந்தனையோடு, தேர்ந்துகொண்டவன். ஆகவே இந்த அலசலில் சாய்வு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயிலில் பசி மந்தமாவதை நோய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சாப்பிட்ட உணவைச் செரிப்பதற்கே உடல் அதன் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது, அந்தச் செலவு வெப்பமாக வெளிப்படுகிறது. வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே சேரும் வெப்பத்தைக் குறைத்துக்கொள்ள உடல் முனைவது இயல்பு. நம் ஊரில் கோடை வந்ததும் காலையில் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழுக்கும் மாலையில் நுங்குக்கும் வீடுகள் மாறிக்கொள்வது இந்த இயல்பை ஒட்டித்தான்.

முதலில் நிரப்பும் வழியைப் பார்த்துவிடலாம். காலையில் கோட்டை அகழி ஓரமாக என்னோடு நடப்பவர் ஒருவர் இந்த வழியை உறுதியாகப் பிடித்திருக்கிறார். அவர் சொல்லும் காரணங்களில் நியாயம் உண்டு. தினமும் ஒரே அளவில் சாப்பிட்டால் பழக்கம் கலையாது, ஒருநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டு மறுநாள் அடக்க முடியாமல் அள்ளிச் சாப்பிடும் ஆபத்தும் குறையும். தேவைக்குக் கீழே வெகுவாக இறங்கிவிடாமல் இலக்கு ஒரு காவலாகவும் நிற்கும். ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் ஒரு பிடி வேர்க்கடலையும் எடுத்துக்கொண்டு அவர் கணக்கை முடித்துவிடுகிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எல்லோரும் அப்படி முடிப்பதில்லை. பசியே இல்லாதபோது நாக்கு ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் இனிப்பையும் பொரித்ததையும்தான். இரவு பத்து மணிக்கு ஒரு கிண்ணம் பருப்பை யாரும் விரும்பி எடுப்பதில்லை. பிஸ்கட்டும் மிக்சரும் கைக்கு எட்டும். உறவினர் யாராவது ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்திருந்தால் கதை அத்தோடு முடிந்தது. விண்டு பார்த்தால் பாகு ஊறிய பழுப்புத் தோலுக்கு நடுவே பருப்புத் துண்டுகள் தெரியும், ஒன்று சாப்பிட்டதும் செயலியின் எண்ணும் நிறைந்துவிடும். கணக்கு நேராகிவிட்டதே தவிர, மைதாவும் சர்க்கரையும் நெய்யும் அல்லாமல் உடலுக்குப் பெரிதாக வேறெதுவும் போய்ச் சேரவில்லை. நிரப்பும் வழியின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது: எண்ணை நிரப்பு என்று அது சொல்கிறது, எதைக் கொண்டு நிரப்புவது என்பதைச் சாப்பிடுபவரிடமே விட்டுவிடுகிறது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல செயலிகள் 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைக் கொண்டு ஓய்வுநிலைச் செலவை, அதாவது சும்மா இருந்தாலே உடல் ஒரு நாளில் செலவழிக்கும் கலோரியை, கணக்கிடுகின்றன. 45 வயது, 168 செ.மீ. உயரம், 78 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு அது 1,610 கலோரி என்று தரும். அதன்பின் நாம் எவ்வளவு நடமாடுகிறோம் என்பதற்கேற்ப ஒரு பெருக்கு எண் வருகிறது. உட்கார்ந்தே வேலை செய்பவர் என்று குறித்தால் 1.2, ஓரளவு நடப்பவர் என்று குறித்தால் 1.375. முதலாவதில் நாளின் செலவு 1,932 என்றும், இரண்டாவதில் ஏறக்குறைய 2,214 என்றும் வரும். இரண்டுக்கும் இடையே 280 கலோரி. அலுவலக நாற்காலியில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டுக் காலையில் மட்டும் நடக்கும் ஒருவர் இந்த இரண்டில் எதைக் குறித்திருந்தாலும் பொய்யில்லை. இரவில் நம்மைக் கலங்கவைக்கும் 300 கலோரிப் பற்றாக்குறை, செயலியில் இந்தத் தேர்வைக் குறிக்க விரல் வைத்த இடம் மாறியதால் வரும் வித்தியாசத்துக்குச் சமம்.

வரவுப் பக்கமும் அப்படித்தான். எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன ஒரு சிறு குழுவினரை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து, 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று மறைத்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சமையலறைப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நம் மாவட்டத்து முள்ளுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிக் குழம்பு வைக்கும்போது எவ்வளவு எண்ணெய் ஊற்றினார்கள் என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. ஆகவே 1,400 என்று எழுதிய நாள் உண்மையில் 1,600-ஆக இருக்கவும் கூடும். இந்த இரண்டு பக்க நெகிழ்வும் தெரிந்தபின், பசியில்லாத வயிற்றில் அந்த மிச்சத்தைத் திணிப்பதற்கு வலுவான காரணம் எனக்குத் தென்படவில்லை.

குறைவாகச் சாப்பிட்டால் உடல் 'பட்டினி நிலைக்கு'ப் போய் எடை இறங்குவதையே நிறுத்திவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944–45-இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை இதற்குப் போதிய விடை தருகிறது. 36 இளைஞர்கள் ஆறு மாதத்துக்கு அருகில் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியில் வைக்கப்பட்டார்கள். அவர்களுடைய உடலின் செலவு குறைந்தது உண்மை. சோர்வும் மனத்தளர்ச்சியும் உணவைப் பற்றிய ஓயாத நினைப்பும் அவர்களை வாட்டியதும் உண்மை. இருந்தும் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. தம் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள். மாதக்கணக்கில் நீடித்த கடும் குறைவால் வந்த விளைவு அது. இரண்டு மூன்று நாள் இலக்கில் முந்நூறு குறைந்ததற்காக அந்த அச்சத்தைக் கொள்ள வேண்டியதில்லை.

தொடக்கத்தில் நான் சொன்ன நிபந்தனை இங்கேதான் வருகிறது: எல்லாவற்றையும் தீர்மானிப்பது புரதம் என்பது என் முடிவு. இலக்கில் குறைந்தது எவ்வளவு என்பதைவிட, குறைந்தது எது என்று பார்க்க வேண்டும். அரிசிச் சோறும் எண்ணெயும் குறைந்திருந்தால் உடல் தன் கொழுப்பிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும். எடை குறைப்பதன் நோக்கமே அதுதானே. புரதம் குறைந்தால் தசை கரையத் தொடங்கும், நாற்பதைக் கடந்தவர்கள் இழந்த தசையைத் திரும்பப் பெறுவது கடினம். தராசில் இரண்டும் ஒரே மாதிரி எடைக் குறைவாகத்தான் தெரியும் என்பதால் நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே இழப்பு நடந்துவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் தேவை. 78 கிலோ எடைக்கு அது 65 கிராம். எடை குறைப்பவர்களுக்கு அதைவிடச் சற்று அதிகமாகவே பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். 300 கிராம் சோறு ஏறக்குறைய 390 கலோரி தரும், ஆனால் அதில் புரதம் 8 கிராம்தான். சோற்றால் வயிறு நிறைந்து பசி அடங்கிவிட்டால் அன்றைய புரதம் போயிற்று என்று பொருள்.

நம் வீட்டுச் சாப்பாட்டு வரிசை இதற்கு எதிராகவே அமைந்திருக்கிறது. முதலில் சோறும் குழம்பும், அடுத்து ரசம், கடைசியில் தயிர். முட்டையும் பொரியலும் ஓரத்தில் தொட்டுக்கொள்ள. பசி மந்தமாக இருக்கும் மதியத்தில் குழம்புச் சோற்றிலேயே போதும் என்றாகி, அவித்த முட்டை தட்டின் ஓரத்தில் பாதியாகக் கிடக்கும், தயிர் கிண்ணத்தில் அப்படியே இருக்கும். அம்மா பரிமாறும்போது "ரசத்துக்கு ஒரு கரண்டியாவது போட்டுக்கோப்பா" என்று சோற்றை வைப்பார். முட்டையை யாரும் அப்படி வற்புறுத்துவதில்லை. நான் செய்துகொண்ட மாற்றம் இந்த வரிசையைத் திருப்பியதுதான். முட்டையையும் கெட்டிப் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, காய் எடுத்துக்கொண்டு, கடைசியில் சோறும் தயிரும். எங்கே போதும் என்று தோன்றுகிறதோ அங்கே எழுந்துவிடலாம். மிஞ்சுவது சோறாகவே இருக்கும்.

ஒரு நாளைக்கு நான் விடாமல் எடுத்துக்கொள்ளும் பட்டியல் இது: இரண்டு முட்டை, 50 கிராம் துவரம்பருப்பு, 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல், 200 கிராம் தயிர், ஒரு தம்ளர் பால், 30 கிராம் வறுத்த வேர்க்கடலை. பருப்பும் கொண்டைக்கடலையும் வேகவைக்கும் முன் நிறுத்த எடை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 கிராம் புரதமும் 900 கலோரியும் வரும். மீதிப் புரதம் இட்லி, களி, சோறு என்று தானியத்திலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது. பசியுள்ள நாளில் தானியம் கூடும், பசியில்லாத நாளில் குறையும், பட்டியல் மாறாது. வேர்க்கடலை நம் பக்கத்து நிலத்தில் விளைவது, மலிவானது என்றாலும் 30 கிராமைச் சிறு தராசில் நிறுத்து எடுத்து வைப்பது நல்லது. கைப்பிடிக்குக் கைப்பிடி அளவு மாறும், 30 கிராமுக்கே 170 கலோரி ஆகிவிடும்.

இரண்டாவது வழிக்கு இன்னொரு துணையும் வேண்டும்: நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறுவது. இலக்கு 1,800 என்றால் வாரத்துக்கு 12,600. மூன்று நாள் 1,500-இல் நின்றால் 900 மிச்சம், ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணிக்கு அது இடம் தருகிறது, குற்றவுணர்வும் இல்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வழக்கமான கணக்கில், ஏழு நாளும் 300 குறைந்தாலும் கூடுதலாக இறங்குவது கால் கிலோ சொச்சம்தான்.

எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்கும் நாள் முழுதும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கும் இந்த வழி எந்த அளவுக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல என் அனுபவம் போதாது. நான் மேசையில் வேலை செய்பவன். மேலும், கோடை முடிந்தால் எனக்குப் பசி திரும்பிவிடுகிறது. ஆண்டு முழுதும் பசி குறைந்தவர்களின் நிலை வேறு. பெண்களுக்கு 1,200, ஆண்களுக்கு 1,500 என்று சொல்லப்படும் கீழ்வரம்புக்கும் கீழே நாட்கள் தொடர்ந்து போனாலோ, வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, முடி கொட்டுதல், தலைசுற்றல், மாதவிடாய் தவறுதல் போன்றவை தோன்றினாலோ மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். வெயில் தணிந்த பிறகும் காரணமின்றிப் பசி வராமலேயே இருந்தால் கலோரிக் கணக்கை மூடிவைத்துவிட்டு முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உணவைக் கண்டு அஞ்சி ஒதுக்கும் பழக்கம் முன்பு இருந்தவர்களுக்கு, பசியில்லை என்ற உணர்வே நம்பத்தக்கதாக இருக்காது. அவர்கள் இந்த வழிக்கு வரக் கூடாது.

சிலருக்கு நிரப்பும் வழியே சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் காலம் அது அல்ல. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளைமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களும் பசியில்லை என்று சாப்பாட்டை விட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், படபடப்பு, வேர்வை என்று அது காட்டும் அறிகுறிகளில் வேர்வையை வேலூர் வெயிலின் கணக்கில் எழுதிவிடுவது மிக எளிது என்பதால் ஆபத்து இரட்டிப்பாகிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு என்றாலும் எந்த மாத்திரை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

இவர்கள் நிரப்புவதற்குக் குடிக்கும் உணவு எளிது. மெல்ல மனமில்லாத வாய்க்கும் கூழ் இறங்கும். முந்தின இரவே காய்ச்சி ஆறவைத்த கேழ்வரகுக் கூழில் தண்ணீர் மோருக்குப் பதிலாகக் கெட்டித் தயிரைக் கடைந்து ஊற்றி, உப்புப் போட்டு, வறுத்த வேர்க்கடலைப் பொடி இரண்டு கரண்டி கலந்தால் 300 கலோரிக்குக் குறையாது, புரதமும் பத்து கிராமை ஒட்டி வரும். ஒரேயடியாகக் குடிக்க முடியாதவர்கள் அதையே இரண்டாகப் பிரித்து, பகல் பதினொன்றுக்குப் பாதியும் மாலை நான்குக்கு மீதியுமாக எடுத்துக்கொள்ளலாம்.