20 லிட்டர் டிஹ்யூமிடிஃபையர்: கடலோரக் கிளை நூலகத்துக்கு வாங்கலாமா?

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இன்னொரு முறை அப்படிப் பெய்து நூலகத்துக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று யோசிக்கும் நூலக வாசகர் வட்டத்தின் கண்ணில் முதலில் படுவது, இணையக் கடைகளில் விற்கும் டிஹ்யூமிடிஃபையர். காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாளியில் தண்ணீராகச் சேர்க்கும் பெட்டி. விலை பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். நல்ல கருவிதான், வாங்கலாம். ஆனால் முதலில் வாங்க வேண்டிய பொருள் அது இல்லை. ஜன்னல் சாத்த முடியாத கட்டடமாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரில் ஊறிய புத்தகம் தன் எடையில் 60 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். 400 கிராம் நாவலுக்குள் கால் லிட்டர் என்றால் ஆயிரம் புத்தகத்துக்குள் சுமார் 240 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் ‘20 லிட்டர்’ என்பது 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் இறங்கும் அளவு. அறை 60 சதவீதத்துக்கு வந்ததும் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பத்து லிட்டர் என்றே வைத்தாலும் 24 நாள் ஆகும். நம் ஊர் வெக்கையில் பூஞ்சை பூக்க 48 முதல் 72 மணி நேரம் போதும். ஊறிய புத்தகத்தை இந்தக் கருவி காப்பாற்றாது. நீர் வடிந்தபின் சுவரும் தரையும் அலமாரியும் காய்வதற்கும், ஓரம் மட்டும் ஈரமான புத்தகங்கள் பூசணம் பிடிக்காமல் இருப்பதற்கும்தான் இது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

வாங்கும்போது கம்ப்ரசர் வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாலாயிரம், ஐயாயிரத்துக்குக் கிடைக்கும் கைக்கு அடக்கமான பெல்டியர் வகை (கம்ப்ரசர் இல்லாமல் சிறு மின்தகட்டால் குளிர்விப்பது) ஒரு நாளைக்கு அரை லிட்டர் எடுத்தாலே பெரிது. நூலகத்தில் அதற்கு வேலையில்லை. 20 லிட்டர் கம்ப்ரசர் கருவி 300, 400 சதுர அடி அறைக்குச் சரி. மின்சாரம் 350 முதல் 450 வாட், நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 10 யூனிட். வாளி பெரும்பாலும் 3 முதல் 5 லிட்டர்தான். அது நிறைந்ததும் கருவி தானாக நின்றுவிடும். சாயங்காலம் பூட்டிவிட்டுப் போனால் நள்ளிரவுக்குள் நின்று, காலையில் பழைய ஈரமே இருக்கும். அதனால் தொடர் வடிகால் துளை உள்ளதையே எடுங்கள். கருவியை இரண்டடி மேசை மேல் வைத்து, குழாயை எங்கும் மேலேறாமல் வெளிச்சாக்கடைக்கு இறக்கிவிட வேண்டும். மின்சாரம் போய் வந்தால் தானாக மறுபடி ஓடுகிறதா என்பதையும் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். இல்லையேல் கம்ப்ரசர் எண்ணெய் இடம் மாறிக் கெடும்.

வெண்டிலேட்டர் ஓட்டைகளை பாலித்தீன் ஒட்டி அடைக்காவிட்டால் கருவி கடலைக் காயவைக்கப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்றே 80 சதவீதத்துக்கு மேல் ஈரம். ஓட்டுக் கட்டடத்தில் இயங்கும் பகுதிநேர நூலகத்துக்கு அந்தப் பணத்தில் இரண்டு பெடஸ்டல் ஃபேன் வாங்கலாம். ஃபேன் காற்று புத்தகத்தின் மேல் நேராக அடிக்கக் கூடாது, சுவரைப் பார்த்துச் சுழலட்டும். கருவி வைத்த அறையில் முந்நூறு, நானூறு ரூபாய் டிஜிட்டல் ஈரமானி ஒன்று வேண்டும். கருவியில் ஈரப்பதத்தை முதல் இரண்டு நாள் 65 சதவீதம், பிறகு 60, கடைசியில் 55 என்று வையுங்கள். எடுத்த எடுப்பில் 45-க்குத் திருகினால் அட்டைகள் வளைந்துவிடும்.

கடற்கரையில் கருவிக்கு எதிரி உப்புக்காற்று. வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, மழைக்காலம் முடிந்ததும் உள்ளிருக்கும் தகடுகளை மென்மையான பிரஷால் துடைத்து, உறைபோட்டு வைத்தால்தான் அடுத்த வருஷம் ஓடும். கடல்நீரே உள்ளே வந்திருந்தால் சுவரையும் தரையையும் முதலில் நன்னீரால் அலசுங்கள். உப்பு தங்கிய சுவர் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கருவி ஓயாமல் ஓடும்.

டிஹ்யூமிடிஃபையருக்கு முன்னால் வாங்க வேண்டியது மீன் ஏற்றும், துளைகள் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் எளிதாகக் கிடைக்கும், தண்ணீர் தானாக வடியும். மீன் வாடை இல்லாத புதுப் பெட்டியாக இருபது போதும். நீர் வடிந்து, மெயினை அணைத்து, எலக்ட்ரீசியன் பார்த்த பிறகு உள்ளே போங்கள். ஊறிய புத்தகம் உப்பி அலமாரியில் இறுகிக்கொள்ளும், நாளாக ஆக உருவினால் முதுகு கிழியும். அதனால் கீழ்த்தட்டை முதலில் காலி செய்யுங்கள். சேறு இருந்தால் புத்தகத்தை மூடியபடியே நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள். பேனா மையால் எழுதிய பதிவேடுகளைத் தண்ணீரில் முக்கவே கூடாது, மை கரைந்துவிடும். இருப்புப் பதிவேடு எப்போதும் மேல்தட்டில்தான் இருக்க வேண்டும்.

ஓரம் மட்டும் நனைந்ததை அடிப்பக்கத்தில் நிறுத்தி விசிறிபோல் விரித்து, 20, 30 பக்கத்துக்கு ஒன்றாக அச்சாகாத நியூஸ்பிரிண்ட் தாள் செருகி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதிகம் செருகினால் தையல் விட்டுப்போகும். மொட்டை வெயிலில் பரப்புவது எங்கும் நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம். தாள் சுருண்டு பழுப்பேறும். வழவழப்பான தாளில் அச்சான படநூல்கள் காயும்போதே பலகைபோல ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. அவற்றைச் சில மணி நேரத்துக்குள் உறையவைக்க வேண்டும்.

உறையவைக்க ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு பெரிய வசதி உண்டு, மீன் பதப்படுத்தும் தொழில். ஆனால் ஐஸ் கட்டி வார்க்கும் ஐஸ் கம்பெனி உதவாது, அங்கே குளிர் போதாது. மைனஸ் 18 டிகிரியோ அதற்கும் கீழோ இருக்கும் குளிர்கிடங்குதான் தேவை. உறைந்த புத்தகத்தில் பூஞ்சை நின்றுவிடும், ஆனால் புத்தகம் காயாது. உங்களிடம் உள்ள ஆட்களால் ஒரு நாளில் காயவைக்க முடிந்த அளவை மட்டும் வெளியே எடுக்கும் அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவே. உணவுக் கிடங்கில் சேறும் பூசணமும் கலந்த பொருளை ஏற்கமாட்டார்கள். கழுவி, பாலித்தீனில் இறுகக் கட்டி, தனி மூலை கேட்க வேண்டும். அதைப் புரட்டாசியிலேயே எழுத்தில் பேசி முடியுங்கள். கிடைக்காத ஊரில் ஐஸ்கிரீம் கடைகளின் 300 லிட்டர் மூடிப்பெட்டி ஃப்ரீசரைக் கேளுங்கள், ஏறக்குறைய 200 புத்தகம் கொள்ளும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. இன்றும் அச்சில் கிடைக்கும் போட்டித் தேர்வு நூலையும் பாடநூலையும் விட்டுவிடலாம், புத்தகத்தின் பதிவெண்ணைப் படம் எடுத்துக்கொண்டால் போதும். உள்ளூர் வரலாறு, பைண்டு செய்த பழைய இதழ்கள், கீழக்கரைப் பக்கம் யாரேனும் நன்கொடையாகத் தந்த அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்கள், இவை ஃப்ரீசருக்கு முதலில் போக வேண்டியவை. அவற்றின் பட்டியலை இப்போதே எழுதி, அலமாரியில் சிவப்பு நாடா ஒட்டி வையுங்கள்.

மின்சாரம் இல்லாத நாட்களில் டிஹ்யூமிடிஃபையரை ஓட்ட நினைத்தால் 2 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வேண்டும். கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும், 1 கே.வி.ஏ. திணறும். ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி இருக்கட்டும். அந்துருண்டையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இந்த அளவு ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு என்95 முகமூடியும் கையுறையும் வாங்குங்கள். பூசணத்தை உலர்ந்த பின், வெளியில் வைத்து, பெயின்ட் பிரஷால் தட்டும்போது அவை இல்லாமல் யாரும் உட்காரக் கூடாது.